ஒரே ரிப்போர்ட்ல மூணு கடிகாரம்

லேப் ஜன்னலுக்கு வெளில நின்னுகிட்டு, போன்ல ரிப்போர்ட்டப் பெருசாக்கிக் காட்டி, "மேடம், இதுல ரெண்டு மூணு எடத்துல சிவப்புல போட்டிருக்கே, பயப்படணுமா?"ன்னு கேக்குறவங்க முகம் எனக்கு நல்லா பழக்கம். 12 வருஷமா ரத்தத்துல கவுண்ட் எடுக்குற பெஞ்ச்ல வேலை பாக்குறேன். அதுலயும் ஸ்ட்ரோக் வந்தவங்களோட சொந்தக்காரங்க கேக்குற கேள்வி மட்டும் தனியா இருக்கும், ஏன்னா நேத்து வரைக்கும் பேசிக்கிட்டிருந்த ஒருத்தர் இன்னைக்குப் பேசல, ஸ்கேன் படத்தப் பாத்தா அவங்களுக்கு ஒண்ணும் புரியல, புரியுற மாதிரி கையில இருக்குறது இந்த நம்பர் மட்டும்தான். அதனால அதைப் பிடிச்சுக்கிறாங்க. நானும் அப்படிப் பிடிச்சுக்கிட்ட ஆள்தான், அப்பாவுக்கு வந்தப்ப. அதைப் பத்தியும் சொல்றேன், ஆனா மொதல்ல சில விஷயங்கள சொல்லிடணும்.

ஸ்ட்ரோக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க சி.பி.சி., அதாவது ரத்த அணுக்கள எண்ணுற இந்தக் கவுண்ட் டெஸ்ட், உதவாது. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சதா, இல்ல வெடிச்சு ரத்தம் கசிஞ்சதான்னு பிரிச்சுப் பாக்கவும் உதவாது. அதுக்கு சி.டி. ஸ்கேன் தான். வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு, கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா "மொதல்ல ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாப்போம்"னு லேப்புக்குக் கூட்டிட்டு வர்றவங்கள நான் கண்ணால பாத்திருக்கேன், அப்பல்லாம் மனசு பதறும். அடைப்புன்னா ரத்தக்கட்டியக் கரைக்குற ஊசிய 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், அதுவும் அந்த நேரம் முழுக்க கையில இருக்குன்னு அர்த்தம் இல்ல. பெரிய குழாய் அடைச்சா நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான் போகுதுன்னு 2006ல ஜெஃப்ரி சேவர்னு ஒரு அமெரிக்க நரம்பியல் டாக்டர் கணக்குப் போட்டார். அந்த ஊசிக்கு முன்னாடி கட்டாயம் தெரிஞ்சாக வேண்டிய ரத்த டெஸ்ட் சுகர் ஒண்ணுதான், ஏன்னா சுகர் ரொம்ப இறங்கினாலும் பாக்க ஸ்ட்ரோக் மாதிரியே இருக்கும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறவங்கன்னா உறையுற நேரமும் பாக்கணும்.

அப்போ கவுண்ட் எதுக்குன்னா, ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட்டுக்கு. 1 லட்சத்துக்குக் கீழ இருந்தா அந்த ஊசி போடக்கூடாது, ரத்தம் கசியுற ஆபத்து ஜாஸ்தி. ஆனா பிளேட்லெட் கொறைஞ்சிருக்கும்னு சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லன்னா ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காம ஊசிய ஆரம்பிச்சுடலாம், நம்பர் கம்மியா வந்தா நிறுத்திக்கலாம்னு தான் வழிமுறையே சொல்லுது.

இதுல ஒரு ராத்திரி நடந்தத மறக்கவே முடியாது. ஸ்ட்ரோக் கேஸ், சாம்பிள் ஓடி வந்துச்சு, மெஷின்ல விட்டேன், பிளேட்லெட் 62,000. டியூட்டி டாக்டருக்குப் போன் பண்ணி சொல்லணும், ரிசீவரக் கையில எடுத்துட்டேன், ஆனா ஏதோ உறுத்துச்சு, ஏன்னா மெஷின் அந்த ரிசல்ட் பக்கத்துல பிளேட்லெட் ஒட்டிக்கிட்டிருக்கலாம்னு ஒரு சின்னக் குறி போட்டிருந்துச்சு. "நம்பர் கம்மியா இருக்கு டாக்டர், ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல, மூணு நிமிஷம் குடுங்க"ன்னு சொல்லிட்டு ஒரு ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு சொட்டு ரத்தத்தக் கண்ணாடி ஸ்லைடுல தேச்சு, மைக்ராஸ்கோப்ல வெச்சேன். ஸ்லைடோட ஓரத்துல பூரா பிளேட்லெட் கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு நிக்குது. பர்ப்பிள் மூடி டியூப்ல இருக்குற ஈ.டி.டி.ஏ.ங்கிற மருந்து சிலரோட ரத்தத்துல இந்த வேலையப் பண்ணும், உடம்புக்குள்ள எல்லாம் சரியா தான் இருக்கும், டியூப்புக்குள்ள வந்ததும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நீல மூடி சிட்ரேட் டியூப்ல மறுபடி எடுக்கச் சொன்னோம், அதுல இருக்குற தண்ணி மருந்துக்காக 1.1ஆல பெருக்கிப் பாத்தா 2 லட்சத்துக்கு மேல. அந்த 62,000ஐ அப்படியே சொல்லி போன வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்ங்கிறத யோசிச்சா இப்பவும் எனக்குக் கை சில்லுனு ஆகும்.

மெஷின் ஏன் இப்படி ஏமாறுதுன்னா அது அணுவக் கண்ணால பாக்குறதில்ல. வாலஸ் கோல்ட்டர்னு ஒருத்தர் 1953ல பேடன்ட் வாங்கின தத்துவம், ரொம்ப எளிமையானது: ஒரு நுண்ணிய ஓட்டை வழியா மின்சாரம் போய்க்கிட்டிருக்கும், ஒவ்வொரு அணுவும் அந்த ஓட்டையக் கடக்கும்போது ஒரு கணம் மின்சாரத்த மறிக்கும், மறிச்ச தடவை எத்தனையோ அத்தனை அணு, எவ்வளவு மறிச்சுதோ அவ்வளவு பெரிய அணு. இன்னைக்கு லேசர் எல்லாம் சேர்ந்துடுச்சு, ஆனா அடிப்படையில பல மெஷின் இன்னமும் அளவ வெச்சுத் தான் ஆளப் பிரிக்குது. அதனால பத்து பிளேட்லெட் ஒட்டிக்கிட்டு வந்தா அது பிளேட்லெட்டே இல்லன்னு நெனச்சுக்கும், சில நேரம் வெள்ளையணுன்னு கூட எண்ணிடும்.

சரி, இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். கவுண்ட் ரிப்போர்ட்ட ஒரே நாளோட போட்டோன்னு தான் எல்லாரும் நெனைக்கிறாங்க. நான் அதை அப்படிப் பாக்குறதில்ல, அதுக்குள்ள மூணு கடிகாரம் ஓடுது. ஒரு சிகப்பணு சுமார் 120 நாள் வாழும், அதனால ஹீமோகுளோபின், சிகப்பணுவோட சைஸ், அந்த சைஸ் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ வித்தியாசப்படுதுன்னு சொல்ற ஆர்.டி.டபிள்யூ. எல்லாம் போன மூணு நாலு மாசத்துக் கதையச் சொல்லுது. பிளேட்லெட் 8லேர்ந்து 10 நாள், அது போன வாரத்துக் கதை. நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளையணு ரத்தத்துல சில மணி நேரத்துலேர்ந்து ஒண்ணு ரெண்டு நாள் தான் சுத்தும், அது இன்னைக்கு, இப்ப நடக்குறதச் சொல்லுது. ஸ்ட்ரோக் வந்தவரோட ரிப்போர்ட்டப் பாக்கும்போது எந்த நம்பர் எந்தக் காலத்துலேர்ந்து பேசுதுன்னு தெரிஞ்சா பாதி கொழப்பம் போயிடும். ஸ்ட்ரோக் வர்றதுக்கு முன்னாடியே உடம்புல இருந்தது எது, ஸ்ட்ரோக்கால வந்தது எது, ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறம் வைத்தியத்தால வந்தது எதுன்னு பிரிக்கலாம்.

அப்பாவுக்கு வந்தது இடது பக்க மூளையில அடைப்பு. வலது கை விழுந்துடுச்சு, பேச்சு நின்னுடுச்சு. நான் வேலை பாக்குற எடத்துல இல்ல, வேற ஆஸ்பத்திரில சேத்திருந்தோம், அதனால நானும் ஜன்னலுக்கு வெளில நிக்குற ஆளா தான் ஆனேன். ரிப்போர்ட் போன்ல வந்ததும் நான் பாத்தது டி.சி.ய, அதாவது வெள்ளையணுல எந்த வகை எத்தனை சதவீதம்ங்கிறத. மொத நாள் நியூட்ரோஃபில் 71, லிம்போசைட் 21. வகுத்தா 3.4. போன வருஷம் அவருக்கு செக்கப்ல எடுத்தது எங்கிட்ட இருந்துச்சு, அதுல 1.9.

இந்த வகுத்தலுக்குத் தான் என்.எல்.ஆர்.னு பேரு. தனியா காசு இல்ல, தனியா டியூப் இல்ல, ரிப்போர்ட்லயே இருக்குற ரெண்டு நம்பர ஒண்ணால ஒண்ண வகுத்தா போதும். நல்லா இருக்குறவங்களுக்குப் பெரும்பாலும் 1லேர்ந்து 3க்குள்ள இருக்கும். ஸ்ட்ரோக்ல இது ஏன் ஏறுதுங்கிறது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

மூளையில ஒரு எடம் ரத்தம் இல்லாம சாகத் தொடங்கினதும் அங்கேர்ந்து ஆபத்துச் செய்தி கெளம்புது. நியூட்ரோஃபில் தான் மொத ஆளா ஓடுறது, சில மணி நேரத்துக்குள்ள அடைச்ச குழாயோட சுவர்ல போய் ஒட்டும். அது கிருமியோட சண்ட போடத் தயாரான அணு, ஆனா இங்க கிருமி இல்ல. இருந்தாலும் கையில இருக்குற ஆயுதத்த எடுத்து வீசும். அதுல ஒண்ணு எம்.எம்.பி.-9ங்கிற என்சைம், அது ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற தடுப்ப அரிச்சுடும். தடுப்பு அரிச்சுட்டா வீக்கம் வரும், அடைப்பா இருந்த எடத்துல ரத்தம் கசியவும் தொடங்கலாம். இன்னொண்ணு, நியூட்ரோஃபில் சாகும்போது தன்னோட டி.என்.ஏ.வையே வலை மாதிரி வெளில வீசும், ஸ்ட்ரோக் வந்தவங்க மூளைக் குழாய்லேர்ந்து உருவி எடுத்த கட்டிய ஆராய்ஞ்சு பாத்தப்ப அதுக்குள்ள இந்த வலை இருந்துச்சு. வலை பின்னின கட்டி ஊசி மருந்துக்கும் லேசுல கரையாது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் லிம்போசைட் கொறையுது. அடிபட்ட மூளை உடம்ப அவசர நிலைக்குத் தள்ளும், அட்ரினலினும் கார்ட்டிசோலும் கொட்டும், அதுல லிம்போசைட் நெறைய சாகும், மீதி ரத்தத்த விட்டு ஒதுங்கிடும். அதாவது மூளைக்குள்ள அழற்சி எரியுற அதே நேரம் உடம்போட மத்த எடத்துல காவல் இல்லாமப் போகுது. 2003ல ஜெர்மனில எலிகள வெச்சுப் பண்ணின ஒரு ஆய்வுல ஸ்ட்ரோக் வந்த எலிகளுக்குத் தானாவே நுரையீரல்லயும் ரத்தத்துலயும் கிருமி வந்துச்சு, அட்ரினலினத் தடுக்குற புரோப்ரனலால் குடுத்தப்ப அது கொறைஞ்சுது. அப்ப என்.எல்.ஆர். ஏறுதுன்னா மேல இருக்குற நம்பர் மூளையில நடக்குற சண்டையவும் கீழ இருக்குற நம்பர் உடம்போட காவல் போனதையும் சொல்லுது, ஒரே வகுத்தல்ல ரெண்டும் வந்துடுது. அதனால தான் இந்த ரேஷியோ ஏறினவங்களுக்கு மூணு மாசம் கழிச்சு நடமாட்டம் மோசமா இருக்குறதும், அடைப்பு ரத்தக்கசிவா மாறுறதும், நிமோனியா வர்றதும் ஜாஸ்தின்னு ஆய்வுக்கு மேல ஆய்வா வந்துக்கிட்டு இருக்கு.

ரெண்டாம் நாள் அப்பாவுக்கு 83ம் 11ம், 7.5. மூணாம் நாள் 88ம் 6ம், கிட்டத்தட்ட 15. ஐ.சி.யூ. வெளில ஒரு நாற்காலில ஒக்காந்து போன் கால்குலேட்டர்ல இதப் போட்டுப் பாத்தேன். நான் படிச்ச எல்லாம் அந்த நிமிஷம் எனக்கு எதிரா திரும்பின மாதிரி இருந்துச்சு. ரெண்டாம் நாளே டாக்டர்கிட்ட போய் "ரேஷியோ ஏறுது சார், ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சுடலாமே"ன்னு கேட்டிருந்தேன். அவர் கோவப்படல, பொறுமையா சொன்னார், நம்பருக்காக ஆரம்பிக்க மாட்டோம்மா, காய்ச்சல், நெஞ்சுச் சத்தம், எக்ஸ்ரே பாத்துட்டு ஆரம்பிப்போம்னு. எனக்கு அப்ப அவர் மேல வருத்தம். ஆனா அவர் சொன்னது சரி. 2015ல வந்த ரெண்டு பெரிய சோதனை இதையே தான் பாத்துச்சு, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் குடுத்தா என்னன்னு. ஒண்ணுல மூணு மாசம் கழிச்சு அவங்க நெலமைல மாத்தம் இல்ல, முழுங்கக் கஷ்டப்படுறவங்கள மட்டும் எடுத்துப் பாத்த இன்னொண்ணுல நிமோனியாவே கொறையல. அதுக்கு முன்னாடியே நியூட்ரோஃபில மூளைக்குள்ள போக விடாமத் தடுத்தா நல்லதாச்சேன்னு என்லிமோமாப்னு ஒரு மருந்த முயற்சி பண்ணாங்க, 2001ல முடிவு வந்துச்சு, மருந்து எடுத்தவங்க இன்னும் மோசமானாங்க. இத்தன வருஷம் கழிச்சு என்னோட கருத்து என்னன்னா, என்.எல்.ஆர். ஒரு நல்ல காவக்காரன், யாரை இன்னும் கூர்ந்து பாக்கணும்னு சொல்லும். அந்த நம்பரக் கீழ எறக்குறதே வைத்தியம்னு நெனைச்சுடக் கூடாது. ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு வரம்பு வேற வெச்சிருக்கு, அதனால "இதத் தாண்டினா ஆபத்து"ன்னு ஒரே ஒரு கோடு கெடையாது. ஒத்த நம்பர விட அது எந்தப் பக்கம் போகுதுங்கிறது முக்கியம்.

மூணாம் நாள் சாயங்காலம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு, வலது நுரையீரல்ல அடிப்பக்கம் நிமோனியா. இத எழுதவா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன். மொத நாள் ராத்திரி உதடு காஞ்சு கெடக்கேன்னு நான் தான் ரெண்டு ஸ்பூன் தண்ணி வாயில விட்டேன். இருமினார். முழுங்குற டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத் தான் போயிருந்தாங்க. அந்தத் தண்ணியால தான் வந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது, எச்சில் எறங்கினா கூட வரும், லிம்போசைட் 6க்கு எறங்கின ஒடம்பு அது. ஆனா டி.சி. நம்பரை அத்தன தடவ வகுத்துப் பாத்த நான், கட்டில் மேல எழுதி மாட்டியிருந்த அந்த ஒத்த வரிய மதிக்கல. யாராச்சும் இதப் படிச்சுட்டு அந்த ஸ்பூனக் கீழ வெச்சா எனக்கு அது போதும்.

மத்த ரெண்டு கடிகாரத்துக்கு வர்றேன். சிகப்பணு பக்கம் பாத்தா, சிலருக்கு ஸ்ட்ரோக்கோட காரணமே அங்க இருக்கும். ஹீமடோகிரிட், அதாவது ரத்தத்துல சிகப்பணு எத்தனை பங்குங்கிறது, 50க்கு மேல போனா ரத்தம் கெட்டியாகுது. நீர் வத்தியிருந்தாலும் அப்படிக் காட்டும், டிரிப்ஸ் போனதும் எறங்கிடும். எறங்கலன்னா எலும்பு மஜ்ஜையே அளவுக்கு மீறி உற்பத்தி பண்ற பாலிசைத்தீமியா வீராவான்னு யோசிக்கணும், அதுக்கு ஜாக்-2ன்னு ஒரு மரபணு மாத்தத்த 2005ல கண்டுபிடிச்சாங்க, ரத்தத்துலயே பாத்துடலாம். இத்தாலில 365 பேர வெச்சு 2013ல வந்த ஒரு சோதனைல, ஹீமடோகிரிட்ட 45க்குக் கீழ வெச்சவங்கள்ல 2.7 சதவீதம் பேருக்கு இதய, ரத்தக்குழாய் சாவோ பெரிய ரத்தக்கட்டியோ வந்துச்சு, 45லேர்ந்து 50க்குள்ள விட்டவங்கள்ல 9.8 சதவீதம். அஞ்சு புள்ளி வித்தியாசம், அதுக்கு இவ்ளோ. இந்த எடத்துல நம்பர எறக்குறதே வைத்தியம், ரத்தத்த எடுத்து விட்டுடுவாங்க.

சிகப்பணு அரிவாள் மாதிரி வளஞ்சுபோற சிகிள் செல் நோய் உள்ள கொழந்தைங்க கதையும் அப்படித்தான். மண்டைக்கு வெளிலேர்ந்து டாப்ளர் வெச்சு மூளைக் குழாய்ல ரத்தம் ஓடுற வேகத்த அளந்து, வேகம் ஜாஸ்தியா இருந்த 130 கொழந்தைங்கள ரெண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமா ரத்தம் ஏத்தி, கெட்ட ஹீமோகுளோபின 30 சதவீதத்துக்குக் கீழ வெச்சாங்க. 1998ல முடிவு வந்தப்ப ரத்தம் ஏத்தாத பக்கம் 11 ஸ்ட்ரோக், ஏத்தின பக்கம் ஒண்ணே ஒண்ணு. வேற எந்த சோதனையப் படிச்சும் எனக்குக் கண்ணு கலங்கினதில்ல, இதுல கலங்குச்சு.

ரத்தசோகையும் சும்மா இல்ல. மூளைக்குப் போற ஆக்ஸிஜன் கொறையுது, போதாததுக்கு இரும்புச்சத்து கொறைஞ்சா பிளேட்லெட் ஏறும், மூளையோட சிரைல கட்டி அடைக்குற வகை ஸ்ட்ரோக்ல இத அடிக்கடி பாக்கலாம். ஆர்.டி.டபிள்யூ. ஏறினவங்களுக்கு முடிவு மோசம்னும் நெறைய கட்டுரை இருக்கு, பிளேட்லெட்டோட சைஸப் பத்தியும் இருக்கு. ஆனா ஆர்.டி.டபிள்யூ. வயசு, சத்துக்கொறை, கிட்னின்னு எதுக்கெடுத்தாலும் ஏறும், பிளேட்லெட் ஈ.டி.டி.ஏ.ல நேரம் ஆக ஆகத் தானே ஊதும், அதனால கட்டில் பக்கத்துல நிக்குற ஆளுக்கு இது ரெண்டும் பெருசா ஒதவுறதா எனக்குத் தோணல.

பிளேட்லெட்ல ரெண்டு விஷயம் மட்டும் சொல்லியே ஆகணும். ஸ்ட்ரோக் மாதிரி வந்து, பிளேட்லெட் நெசமாவே ரொம்பக் கொறைஞ்சு, ஸ்மியர்ல சிகப்பணு ஒடஞ்ச துண்டு துண்டா தெரிஞ்சா அது டி.டி.பி.ங்கிற நோயா இருக்கலாம், கொறைஞ்சிருக்கேன்னு பிளேட்லெட் ஏத்துறது அங்க வழி இல்ல, பிளாஸ்மாவ மாத்தணும், அதுவும் ஒடனே. மெஷின் இதத் தானா சொல்லாது, ஒருத்தர் ஸ்லைடப் பாக்கணும். ரெண்டாவது, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற ஹெப்பரின். ஹெப்பரின் ஆரம்பிச்சு 5லேர்ந்து 10 நாளுக்குள்ள பிளேட்லெட் பாதிக்கு மேல விழுந்தா, அந்த மருந்தே ரத்தக்கட்டிய உண்டாக்குதுன்னு சந்தேகப்படணும். 4 லட்சம் இருந்தது 1.8 லட்சமா ஆச்சுன்னு வைங்க. மெஷின் சிவப்புக் குறி போடாது, ஏன்னா 1.8 நார்மல். நேத்தைய ரிப்போர்ட்டப் பக்கத்துல வெச்சுப் பாத்தா தான் தெரியும். சிவப்பா இருக்குறத மட்டும் தேடாதீங்கன்னு நான் ஜன்னல்ல எல்லார்கிட்டயும் சொல்றது இதனால தான். பழைய ரிப்போர்ட் எது இருந்தாலும், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்ததா இருந்தாலும், கொண்டாந்து டாக்டர் கையில குடுங்க.

இன்னொண்ணு, டிரிப்ஸ் ஏறுற கையிலயே ரத்தம் எடுத்தா சலைன் கலந்து எல்லா நம்பரும் திடீர்னு எறங்கியிருக்கும், ஒரே ராத்திரில ஹீமோகுளோபின் 13லேர்ந்து 8 ஆச்சுன்னு குடும்பமே அழுதுகிட்டு நின்னதப் பாத்திருக்கேன், மறுபடி வேற கையில எடுத்தா 12.8. ஸ்டெராய்டு போனா நியூட்ரோஃபில் ஏறும், அது கிருமியும் இல்ல மூளையும் இல்ல. என்ன மருந்து ஓடுதுன்னு தெரியாம என்.எல்.ஆர். வகுக்குறதுல அர்த்தமே இல்ல.

அப்பாவுக்கு ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு, அஞ்சாம் நாள் ரேஷியோ 9, ஏழாம் நாள் 5 சொச்சம். காய்ச்சல் விட்டுது. பதினோராம் நாள் காலைல பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணு வந்து, அப்பாவ நிமித்தி ஒக்கார வெச்சு, தாடைய லேசா கீழ எறக்கச் சொல்லி, கெட்டியாக்கின தண்ணி ஒரு சின்ன ஸ்பூன் குடுத்தாங்க. தொண்டைல கைய வெச்சு முழுங்குறாரான்னு பாத்தாங்க. நாங்க எல்லாரும் மூச்ச அடக்கிக்கிட்டு நின்னோம். இருமல் வரல. இன்னொரு ஸ்பூன். வரல. அன்னைக்கு ரிப்போர்ட் மதியமே போன்ல வந்திருந்துச்சு, ரேஷியோ 2.8. நான் அதப் பாத்தது ராத்திரிதான்.